மலையைச் சாட்சிக்குக் கூப்பிடும் விழா

சிக்கிமில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மலையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். விழாவின் பெயர் பாங் லாப்சோல். மலை, கஞ்சன்ஜங்கா. உயரம் 8,586 மீட்டர், உலகத்தில் மூன்றாவது.

இமயமலை மக்களின் திருவிழாக்களைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் சுற்றுலாக் கையேட்டுத் தகவல்தான். முகமூடி ஆட்டம், நீளமான எக்காளம், காற்றில் படபடக்கும் கொடிகள், கடைசியில் "இயற்கையை வணங்கும் எளிய மக்கள்" என்று ஒரு வரி. பாங் லாப்சோலுக்கும் அதே வரியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் பெயரைப் பிரிச்சுப் பார்த்தாலே வேற விஷயம் தெரியும். திபெத்திய மொழியில் 'பாங்' என்றால் சாட்சி. 'லா' என்றால் தெய்வம். 'சோல்' என்றால் படையலிட்டு வேண்டுவது. ஆக, இது சாட்சித் தெய்வத்துக்கான படையல்.

சாட்சி என்று ஒருவர் இருந்தால் ஒரு சத்தியம் இருந்திருக்க வேண்டும். யார் யாருக்குச் செய்த சத்தியம்? எதைப் பற்றி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சிக்கிமின் அரச வம்சம், நில உரிமை, மலையேற்றத் தடை, நீர்மின் திட்டம் வரை போகலாம். இந்தக் குறிப்பு அந்த வழியில்தான் போகிறது.

பிள்ளை வரம் கேட்டு வந்தவர்

சிக்கிமின் பழங்குடிகள் லெப்சாக்கள். தங்களை 'ரோங்' என்று சொல்லிக்கொள்வார்கள். திபெத்தியப் பகுதிகளிலிருந்து பிறகு வந்து குடியேறியவர்கள் பூட்டியாக்கள். இந்த இரண்டு சமூகங்களுக்கும் இடையில் நடந்ததாகச் சொல்லப்படும் கதைதான் விழாவின் அடிப்படை.

13ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்கிறார்கள். திபெத்தின் கிழக்குப் பகுதியான காம் நாட்டிலிருந்து வந்த ஒரு வீரர், சும்பி பள்ளத்தாக்கில் குடியிருந்தார். பெயர் கே பும்சா. லட்சம் வீரர்களை மிஞ்சியவர் என்ற பொருளில் வந்த பட்டப்பெயர். பலம் எல்லாம் இருந்தும் பிள்ளை இல்லை. தெற்கே லெப்சா நாட்டில் தெகோங் தெக் என்று ஒரு பெரிய பூசாரி இருக்கிறார், அவரும் அவர் மனைவியும் வாழ்த்தினால் பிள்ளை பிறக்கும் என்று கேள்விப்பட்டுக் காடு மலை தாண்டி வந்தார். வாழ்த்து பலித்தது. மூன்று மகன்கள் பிறந்தார்கள்.

நன்றி சொல்லத் திரும்பி வந்தபோது இருவரும் இரத்த உறவுச் சகோதரர்கள் ஆனார்கள். விலங்குகளைப் பலி கொடுத்து, அந்த இரத்தத்தின் முன்னால், இரு மக்களும் இனி அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்தார்கள். கல் நட்டார்கள். கஞ்சன்ஜங்காவையும் மற்ற மலைத் தெய்வங்களையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அந்த இடம் கபி லுங்சோக். காங்டோக்கிலிருந்து வடக்கே 17 கிலோமீட்டர். காட்டுக்குள் அந்தக் கற்கள் இன்னமும் இருக்கின்றன. பக்கத்தில் இரண்டு பேரும் அணைத்துக்கொண்டு நிற்கும் சிலையும் பிற்காலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

கே பும்சாவின் வழிவந்தவர் புன்சோக் நம்கியால். 1642இல் மேற்குச் சிக்கிமின் யுக்சம் ஊரில் மூன்று லாமாக்கள் சேர்ந்து அவருக்கு முடிசூட்டினார்கள். 'சோக்யால்', அதாவது தர்மத்தின்படி ஆள்பவர் என்ற பட்டம் அன்று தொடங்கியது. 1975இல் சிக்கிம் இந்தியாவின் 22ஆவது மாநிலமாகும் வரை அந்த வம்சம்தான் அரியணையில் இருந்தது.

தெய்வமே சத்தியத்துக்குக் கட்டுப்பட்டது

அந்த மூன்று லாமாக்களில் ஒருவர் லாட்சுன் நம்கா ஜிக்மே. சிக்கிமின் காவல் தெய்வங்களை வரிசையாகப் பெயர் சொல்லி அழைத்துப் படையல் கொடுக்கும் 'நேசோல்' என்ற வழிபாட்டு நூல் அவருடையது. பாங் லாப்சோல் பூசைக்கு அடிப்படை அதுதான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. திபெத்திய பௌத்தம் புதிய இடத்துக்குப் போகும்போது, அங்கே ஏற்கனவே இருந்த மலைத் தெய்வங்களையும் ஏரித் தெய்வங்களையும் விரட்டுவது கிடையாது. எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர் வந்து அவற்றை அடக்கி, "இனி தர்மத்தைக் காப்பேன்" என்று சத்தியம் வாங்கினார் என்பது மரபு. அப்படிக் கட்டுப்பட்ட தெய்வங்கள் 'சத்தியத்தால் பிணைக்கப்பட்டவை' என்றே வகைப்படுத்தப்படுகின்றன. கஞ்சன்ஜங்காவின் தெய்வமான ஜோங்காவும் இந்த வகைதான்.

அப்படியென்றால் மனிதர்களின் சத்தியத்துக்குச் சாட்சி நிற்கும் தெய்வமே இன்னொரு சத்தியத்துக்குள் நிற்கிறது. வருஷா வருஷம் விழா எடுப்பதன் காரணமும் இதில் இருக்கிறது. சத்தியம் ஒருமுறை செய்துவிட்டால் போதாது. மனிதர்கள் படையல் கொடுக்க வேண்டும், தெய்வம் காவல் கொடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் தங்கள் பங்கை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். குத்தகைப் பத்திரத்தைப் புதுப்பிப்பது மாதிரி.

விழா நாளில் என்ன நடக்கும்

திபெத்திய நாட்காட்டியில் ஏழாம் மாதத்துப் பௌர்ணமி, அதாவது பதினைந்தாம் நாள். நம் கணக்கில் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வரும். சிக்கிமில் அரசு விடுமுறை. முன்னாடியே லாமாக்கள் பல நாள் பூசையைத் தொடங்கிவிடுவார்கள். அன்றைய தினம் பாங்தோ சாம் என்ற ஆட்டம். இதைப் புகுத்தியவர் மூன்றாம் சோக்யால் சக்டோர் நம்கியால். 1700 முதல் சுமார் 17 ஆண்டுகள் ஆட்சியில் இருந்தவர்.

மற்ற மடாலய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு வித்தியாசம் தெரியும். பொதுவாக 'சாம்' ஆடுவது துறவிகள். இதில் துறவி அல்லாத ஊர்க்காரர்களும் பழைய போர் உடையில், தலைக்கவசம், கேடயம், வாளோடு வந்து ஆடுகிறார்கள். நாட்டைக் காக்கும் வேலையில் மடத்துக்கு மட்டும் பங்கு இல்லை, குடிமக்களுக்கும் உண்டு என்பது பார்த்ததும் புரியும்படி அமைத்திருக்கிறார்கள்.

நடுவில் வருபவர் ஜோங்கா. சிவப்பு முகமூடி, தலையில் ஐந்து மண்டையோடுகள் வைத்த கிரீடம். வாகனம் பனிச்சிங்கம். கூடவே தளபதி யப்து. மகாகாலர் நுழைவதுதான் உச்சக் கட்டம். அவர் மற்ற இரண்டு பேருக்கும் கட்டளை போடுகிறார்: நாடு அமைதியாக இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் பொறுப்பு. நடுநடுவே 'அச்சார்' என்ற கோமாளிகள் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள்.

முன்பு இதற்கு முக்கியமான களம் காங்டோக் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சுக்லாகாங் கோயில். இப்போது தெற்குச் சிக்கிமின் ராவங்லாவில் நடக்கும் விழாவும் பெரிய பெயர் வாங்கியிருக்கிறது. ராஜா போய் அரைநூற்றாண்டு ஆகிவிட்டது. ராஜாவின் விழா மட்டும் போகவில்லை.

லெப்சாவுக்கு அந்த மலை வேற

இதுவரை சொன்னது பௌத்த அரசவை சொல்லும் கஞ்சன்ஜங்கா. பெயரே திபெத்தியப் பெயர். பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள் என்று பொருள். உப்பு, பொன்னும் மணியும், புனித நூல்கள், ஆயுதங்கள், தானியமும் மருந்தும் என்று அந்த ஐந்தைச் சொல்வார்கள். பட்டியல் சொல்பவரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

லெப்சா மரபில் இந்த மலை கருவூலக் காவலன் என்பதைவிடப் பிறந்த வீடு. படைப்புத் தாய் இத்பூமூ, கஞ்சன்ஜங்காவின் தூய பனியை எடுத்துத்தான் முதல் ஆணையும் பெண்ணையும் செய்தாள். ஆண் ஃபுதோங்திங், பெண் நுசோங்ன்யு. லெப்சாக் குலம் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சிகரம், ஒரு ஏரி, இறந்தபின் ஆவி நுழையும் ஒரு வாசல் உண்டு. இறந்தவரை அந்த வழியாகத் திருப்பி அனுப்பி வைப்பது பூசாரியின் வேலை. பூசாரிகளில் இரண்டு வகை: போங்திங், முன். முன் பெரும்பாலும் பெண்.

ஆகவே கபி லுங்சோக்கில் இரண்டு பேர் ஒரே மலையைக் காட்டிச் சத்தியம் செய்தபோது, ஒருவருக்கு அது காவல் தெய்வம், இன்னொருவருக்கு அது தாய்வீடு, போய்ச் சேர வேண்டிய இடமும்கூட. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய சாட்சி வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது.

கதையை எழுதிவைத்தது யார்?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. சகோதரச் சத்தியக் கதை நமக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது அரச வம்சத்தின் வழியாக. சோக்யால் துதோப் நம்கியாலும் அரசி யேஷே டோல்மாவும் தொகுத்து 1908இல் முடித்த சிக்கிம் வரலாறுதான் பிற்கால எழுத்துகளுக்கு முக்கியமான மூலம். கே பும்சாவின் வழிவந்தவர்கள் ஆள்வார்கள், லெப்சாக்கள் குடிகளாக இருப்பார்கள் என்று தெகோங் தெக்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டார் என்பதும் இந்த மரபில் வரும் கதை.

கவனிச்சுப் பாருங்க. நாட்டை இழக்கப்போகிறவரின் வாயாலேயே "நீங்கள் ஆளுங்கள்" என்று சொல்லவைத்த கதை இது. ஆள்பவர்கள் எழுதிய வரலாற்றுக்கு இதைவிட வசதியான வசனம் கிடையாது. சால் முல்லர்ட் என்ற ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட நூலில் சிக்கிமின் பழைய ஆவணங்களை நேரடியாகப் படித்து, அரசு இப்படிச் சீராக, சமாதானமாகவே உருவானது என்ற சித்திரத்தைக் கேள்விக்கு உட்படுத்துகிறார். 17ஆம் நூற்றாண்டிலேயே, 1663 வாக்கில், பூட்டியா, லெப்சா, லிம்பு ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து எழுதிய ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 'லோ மென் சோங் சும்' என்பார்கள். ஏற்கனவே எல்லோரும் அண்ணன் தம்பியாக இருந்தால் நானூறு வருஷம் கழித்து எழுத்தில் எதற்கு ஒரு ஒப்பந்தம்?

இதனால் கபி லுங்சோக் கதை பொய் என்றாகிவிடாது. சத்தியம் என்பது சண்டைக்கு வாய்ப்பு இருக்கும் இடத்தில்தான் தேவைப்படும். சாட்சியும் அங்கேதான் தேவை. விழாவை 'ஒற்றுமையின் கொண்டாட்டம்' என்று சொல்வதைவிட, ஒற்றுமை தானாக நிலைக்காது என்று தெரிந்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடு என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சத்தியத்தில் இருப்பது மூன்று சமூகங்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 6.1 லட்சம் பேர் வாழும் இன்றைய சிக்கிமில் பெரும்பான்மையினர் நேபாளி பேசுபவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர்கள் 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஊக்குவித்த காலத்தில் குடியேறியவர்கள். பழைய சத்தியத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. சட்டத்தில் பழைய சத்தியத்தின் நிழல் இருக்கிறது: பூட்டியா, லெப்சா நிலங்களை வெளியார் வாங்க முடியாதபடி தடுக்கும் 1917ஆம் வருடத்து அரச ஆணை இன்றும் செல்லும். 32 பேர் கொண்ட சட்டமன்றத்தில் பூட்டியா-லெப்சாக்களுக்கு 12 இடங்கள் ஒதுக்கீடு. உடன்படிக்கையில் மூன்றாவது தரப்பாக இருந்த லிம்புகளுக்குப் பழங்குடி அந்தஸ்து கிடைத்ததே இந்த நூற்றாண்டில்தான். சட்டமன்ற இட ஒதுக்கீடு அவர்களுடைய நீண்டநாள் கோரிக்கை. மேடையில் ஆண்டுதோறும் சகோதரத்துவம் பேசப்படும்போது, கீழே உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் அதை வேறு வேறு காதுகளால் கேட்கிறார்கள்.

சாட்சியின் தலையில் கால் வைக்கலாமா?

1955 மே 25. சார்லஸ் எவன்ஸ் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் நேபாளப் பக்கமிருந்து கஞ்சன்ஜங்காவில் ஏறி, உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். மனிதன் அதுவரை எட்டாத சிகரம், எட்டிவிடும் தூரத்தில். ஆனால் உச்சியில் கால் வைக்க மாட்டோம் என்று சிக்கிம் சோக்யாலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் ஏறிய அடுத்த இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றார்கள். பின்னால் வந்த பல குழுக்களும் அந்த வழக்கத்தைக் கடைப்பிடித்தன.

இதை மலையேற்ற நூல்கள் 'உள்ளூர் நம்பிக்கைக்குக் காட்டிய மரியாதை' என்று எழுதும். பாங் லாப்சோலைத் தெரிந்துகொண்ட பிறகு படித்தால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். அந்த உச்சி, ஒரு நாட்டின் அடிப்படை ஒப்பந்தத்துக்குச் சாட்சி நிற்கும் ஒருவரின் தலை.

2000இல் ஓர் ஆஸ்திரியக் குழுவுக்குச் சிக்கிம் பக்கமிருந்து ஏற அனுமதி கொடுத்தபோது மாநிலத்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டு மாநில அரசு கஞ்சன்ஜங்காவையும் வேறு பல சிகரங்களையும் புனிதமானவை என்று அறிவித்து ஏறுவதைத் தடை செய்தது. வழிபாட்டுத் தலங்கள் பற்றிய 1991ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு மலை முழுக்கச் சட்டத்தின் கண்ணில் கோயில் ஆனது. 2016இல் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இயற்கை, பண்பாடு இரண்டு காரணங்களையும் சேர்த்தே சேர்த்தது. இந்தியாவில் அப்படிக் கலப்பு வகையில் இடம்பெற்ற முதல் இடம் அது.

ஆறும் அதே வழக்கில்

மலையோடு விஷயம் நிற்கவில்லை. யுக்சம் அருகே ராதோங் சூ ஆற்றில் 30 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று 1990களில் தொடங்கியது. தாஷிதிங் மடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பும்சூ விழாவில், ஒரு கலசத்தில் மூடி வைத்த நீரின் அளவைப் பார்த்து வரும் ஆண்டின் பலன் சொல்வார்கள். அந்த மரபில் புனித நீர் இந்த ஆற்றின் நீர். லாமாக்களும் குடிமக்கள் அமைப்புகளும் எதிர்த்து நின்றார்கள். 1997 ஆகஸ்டில் முதலமைச்சர் பவன் குமார் சாம்லிங் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

பத்து வருஷம் கழித்து வடக்கே. லெப்சாக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சோங்கு பகுதியிலும் தீஸ்தா ஆற்றிலும் வரிசையாக நீர்மின் திட்டங்கள் வந்தன. 2007 ஜூன் 20இல் லெப்சா இளைஞர்கள் முன்னின்று தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 900 நாட்களுக்கும் மேல் நடந்தது. 2008இல் சோங்குப் பகுதியின் நான்கு திட்டங்களை அரசு கைவிட்டது.

இந்தப் போராட்டத்தின் பின்னணியில் இன்னொரு லெப்சா விழா இருக்கிறது: ஆகஸ்ட் 8 அன்று வரும் தெந்தோங் லோ ரும் ஃபாத். தீஸ்தாவுக்கு லெப்சா மொழியில் ரோங்ன்யு என்று பெயர், அவள் பெண். ரங்கித் ஆண். காதலர்கள். மலையிலிருந்து இறங்கிச் சமவெளியருகே சந்திப்பது என்று பேச்சு. தீஸ்தாவுக்கு வழிகாட்டி பாம்பு, ரங்கித்துக்கு வழிகாட்டி பறவை. பாம்பு ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது. பறவை இரை தேடி அலைந்ததில் ரங்கித் தாமதமாகி, தனக்கு முன்னால் அவள் வந்து நிற்பதைப் பார்த்து ரோஷப்பட்டுத் திரும்ப, நீர் எதிர்த்து ஏறி நாடு முழுக்க வெள்ளம். மக்கள் தெந்தோங் மலையில் ஏறித் தப்பினார்கள். மலை கொம்பு மாதிரி உயர்ந்து அவர்களைக் காப்பாற்றியது.

ஆறுகளைக் கோபப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை மறக்காமல் வைத்திருக்கும் விழா இது. 2023 அக்டோபர் 3 இரவு, விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக எச்சரித்துவந்த தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்டத் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. கீழே ஊர்களும் பாலங்களும் போயின. பலர் இறந்தார்கள், பலர் காணாமல் போனார்கள். இதைச் சாமி குத்தம் என்று விளக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. பனிப்பாறை உருகுவதற்கும் ஏரி வீங்குவதற்கும் அறிவியல் காரணம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் "இந்த ஆற்றில் கை வைக்காதீங்க" என்று உண்ணாவிரதம் இருந்தவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள், மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்கியது எவ்வளவு தவறு என்பது அந்த ராத்திரிக்குப் பிறகு பலருக்கும் தெரிந்திருக்கும்.

பழங்குடி விழாக்களை நாம் அழகு என்ற தலைப்பில் கோப்பு போட்டு வைத்துவிடுகிறோம். அவர்கள் அதை உரிமை என்ற தலைப்பில் வைத்திருக்கிறார்கள். ராதோங் சூ வழக்கில் பும்சூ ஒரு வாதம். மலையேற்றத் தடையில் பாங் லாப்சோல் ஒரு வாதம். எழுத்துப் பத்திரம் இல்லாத காலத்து ஒப்பந்தத்தை ஆட்டமாக, படையலாக, கல்லாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே விழா அரசர்களின் வாதமாகவும் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ராவங்லாவில் ஆட்டத்தைப் பார்க்கலாம். மழைக்காலம் முடியாத நேரம், கஞ்சன்ஜங்கா மேகத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். வடக்குச் சிக்கிம் சாலையில் போனால் கபி லுங்சோக்கில் கொஞ்ச நேரம் இறங்குங்கள். எல்லோரும் சிலையோடு படம் எடுப்பார்கள். நீங்கள் கற்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.